ஓவியர் கேட்டார், கடைக்காரர் கொடுத்தார்!

செக் நாட்டில் பிறந்தநாள், கல்யாணம், புது வருஷம் என்று எது வந்தாலும் ஒரு பலகாரம் தட்டு நிறைய வந்துவிடும். அதன் பெயர் 'க்லெபீச்செக்'. 'குட்டி ரொட்டி' என்று அர்த்தம்.

நீண்ட வெள்ளை ரொட்டியைச் சாய்வாக வில்லை போடுகிறார்கள். அதன் மேல் உருளைக்கிழங்குக் கலவையைப் பூசுகிறார்கள். அதற்கு மேல் பன்றி இறைச்சி, அவித்த முட்டைத் துண்டு, காடியில் ஊறிய வெள்ளரிக்காய். இன்னொரு ரொட்டியை வைத்து மூடுவதில்லை. முதலில் கண் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் வாய்!

இந்தப் பலகாரத்தோடு சேர்த்துப் பிராக் நகர மக்கள் சொல்லும் பெயர், யான் பௌக்கெர்ட்.

1916-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. செக் மக்களுக்குத் தனி நாடு கிடையாது. ஆஸ்திரிய சக்கரவர்த்தியின் ஆட்சி. எங்கும் உணவுத் தட்டுப்பாடு. அந்த வேளையில், தேசிய நாடக சாலை இருக்கும் பெரிய வீதியில், பௌக்கெர்ட் உயர்ந்த ரக உணவுக் கடை ஒன்றைத் திறந்தார். துணிச்சல்காரர்தான்!

அந்நாளில் பெரிய மனிதர்களின் விருந்துகளில் ரொட்டித் துண்டுகளை மிகச் சிறியதாக வைப்பார்கள். ஒரே வாயில் காலி. யான் ஸ்க்ராம்லிக் என்ற ஓவியருக்கு அது போதவில்லையாம். நாலைந்து வாய்க்கு வரும்படி பெரிதாகச் செய்து தரும்படி பௌக்கெர்டிடம் கேட்டாராம். அப்படிப் பிறந்ததே குட்டி ரொட்டி என்பது பிராக் நகரக் கதை.

ரொட்டியின் மேல் கறியை வைத்துத் தின்பது உலகத்துக்குப் புதிதல்ல. டென்மார்க்காரர்கள் வெகு காலமாகச் செய்கிறார்கள். ஆனால் உருளைக்கிழங்குக் கலவையை அடியில் பூசிய ரொட்டி, செக் நாட்டின் சொந்தச் சரக்காகிவிட்டது.

கடை போயிற்று

1918-ல் நாடு விடுதலை அடைந்தது. பௌக்கெர்ட் கடை புகழ் பெற்றது.

1948-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். தனியார் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பௌக்கெர்டின் கடையும் தப்பவில்லை.

கடையைப் பறிக்க முடிந்தது. குட்டி ரொட்டியை என்ன செய்வது? சர்க்கார் கடைகளே அதை நாடு முழுவதும் விற்றன. பணக்காரர் பலகாரம், தொழிலாளியின் கைக்கும் வந்தது. உருவாக்கியவருக்குக் கடை இல்லை. ஊருக்கெல்லாம் அவர் ரொட்டி!

1989-ல் ஆட்சி மாறியது. அதன் பின்னர் கடை குடும்பத்துக்குத் திரும்பியது. தகப்பனாரின் பெயரையே கொண்ட மகன், யான் பௌக்கெர்ட், அதை நடத்தினார்.

எங்கே கிடைக்கும்?

பிராகில் 'லஹூட்கி' என்று எழுதிய கடைக்குப் போனால் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். விரலால் காட்டினால், ஒன்றொன்றாக எடுத்து அட்டைத் தட்டில் வைத்துத் தருவார்கள். கத்தி, முள்கரண்டி தேவையில்லை. நின்றபடியே கையால் சாப்பிடலாம்.

காலையில் போவது நல்லது. நேரம் ஆக ஆக ரொட்டி ஊறிவிடும், மறுநாளைக்கு உதவாது.