ஊன்றுகோல் தந்த அருள்

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாய்த் தோன்றியவர் நம்பியாரூரர். அவர் 8-ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆய்வாளர் பலர். புத்தூரில் நிகழவிருந்த திருமணத்தை அடிமை ஓலை காட்டித் தடுத்து, திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொண்ட இறைவன், அவருக்குத் தோழனாகவும் அமைந்தான். அத்தகைய தோழரும் பிழை செய்தார். அப்பிழையைச் சேக்கிழார் பெருமான் தம் காப்பியத்துள் மறைத்திலர்.

திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த நம்பிகள், பல தலங்களையும் வழிபட்டுத் திருவொற்றியூரை அடைந்தார். ஆங்குச் சங்கிலியாரைக் கண்டு மணம் செய்ய விழைந்தார். ஒருபோதும் பிரிவதில்லை எனத் திருமுன் சூளுரைக்க வேண்டியதாயிற்று. பிற பதிகளையும் சென்று பாட விரும்பிய நம்பிகள், அவ்வேளையில் கருவறை நீங்கி மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை இரந்தார். இறைவன் இசைந்தான். ஆயினும், மகிழின்கீழேயே சூள் பெறுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்தினான். பொய்ச்சூளுக்கு வழிதேடி வேண்டுதல் செய்தவர், இறைவன் இருந்த இடத்திலேயே மெய்ச்சூள் உரைக்க நேர்ந்தது.

வேனில் வந்தது. திருவாரூர் வசந்த விழா நினைவில் எழ, நம்பிகள் சூளைக் கடந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. சங்கிலியாருக்கு இழைத்த பிழையின் அளவை அவ்விருளே அவருக்கு உணர்த்திற்று.

ஆயினும் நம்பிகள் பாடுவதை நிறுத்தினாரல்லர். தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒற்றியூர் இறைவனையே பாடினார். வழித்துணைவர் காட்ட நடந்து, திருமுல்லைவாயில் தொழுது, திருவெண்பாக்கம் சேர்ந்தார். ஆண்டவன் கண் தந்திலன். ஊன்றுகோல் ஒன்றே தந்தான். நம்பிகள் தோழமை உரிமையால் நொந்து முறையிட்டார். தந்த கோலையோ ஊன்றி நடந்தார். 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டு அப்பழம்பதியின் கோயில் பூண்டிக்கு மாற்றப்பெற்றது.

காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தித் தீர்த்தத்தில் உடற்பிணி நீங்கிற்று. திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது. அதன் பின்னும் பிழையின் பயன் எஞ்சியிருந்தது; பரவையார் ஊடி வாயில் அடைத்தார். நம்பிகள் மீண்டும் இறைவனையே வேண்ட, அவன் நள்ளிரவில் இருமுறை தூது நடந்து அவ்வூடலைத் தீர்த்தான்.

தோழர் என்பதற்காக இறைவன் தண்டியாது விட்டிலன். தண்டித்ததனால் கைவிட்டதும் இலன். முதலில் கோல், பின்னர் ஒரு கண், அதன்பின் மறு கண் என அருள் படிப்படியாக வந்தது. குற்றம் நீங்கித் தூயராகிய பின்னரே கோயில் புகுவோம் என்று காத்திருப்பவர், புகும் நாளையே காணாது ஒழிதல் கூடும். கண்ணிழந்த நிலையிலும் பதி தோறும் நடந்தார் நம்பிகள். திருக்குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலின் வாயிலில் தம் பிழைகளோடு வந்து நிற்பார் யாவரும், இறைவன் இன்று அளிக்கும் கோலை ஊன்றி, நாளை அளிக்கும் கண்ணை நம்பி, அவன் திருவடி சார்ந்து உய்வாராக.