மண்தட்டுக்கு மன்னரைத் தெரியாது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

மனிதனுக்கு வாய்க்கும் பெருமைகள் இரு வகைப்படும். பிறப்பால் வருவது ஒன்று. உழைப்பால் வருவது மற்றொன்று. முதல் வகைப் பெருமையிலேயே நிறைவு கண்டு ஓய்ந்தவர்கள் வரலாற்றில் பலர். அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டாவதைத் தேடிப் புறப்பட்டவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிகானேர் மகாராஜா டாக்டர் கர்ணி சிங். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற முதல் இந்தியர் அவரே. துப்பாக்கிச் சுடுதலில் இந்தியாவுக்கும் இடமுண்டு என்று உலகுக்குக் காட்டிய முன்னோடி என அவரைக் கூறின் அது மிகையாகாது.

பாலை நிலத்துப் பிறப்பு

ராஜஸ்தானத்தின் வடமேற்கில், தார்ப் பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம் பிகானேர். 1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கர்ணி சிங் அங்கே பிறந்தார். தந்தை சாதுல் சிங். பாட்டனார் புகழ்பெற்ற மன்னர் கங்கா சிங். முதல் உலகப் போருக்குப்பின் 1919-இல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் அப்பாட்டனார். சட்லெஜ் நதியின் நீரை 1927-இல் கால்வாய் வழியே பாலைவனத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பேச்சிப்பாறை எப்படியோ, அப்படி அந்த வறண்ட மண்ணுக்கு அந்தக் கால்வாய்.

கங்கா சிங் சிறந்த துப்பாக்கி வீரரும் ஆவார். பிகானேருக்கு அருகில் கஜ்நேர் என்னும் ஏரி உள்ளது. பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து கல்கவுதாரி இனத்தைச் சேர்ந்த பறவைகள் அப்பகுதிக்குப் பெருங்கூட்டமாய் வரும். காலையில் அவை நீர் அருந்த வரும் வேளையில், வைசிராய்களும் விருந்தினரும் அங்கே வேட்டையாடுவது வழக்கம். ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்த அவ்வேட்டைகளை இன்று நம்மால் பெருமையோடு நினைக்க இயலாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்களமாய் இருந்த அந்த கஜ்நேர் இன்று ஒரு சரணாலயம்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. விடியற்காலைக் குளிரில், கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகும் பறவையைக் குறிபார்க்கும் கலை அந்த மண்ணில் ஊறியிருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த பேரன், பிற்காலத்தில் பறவையை விட்டுவிட்டு மண்தட்டைத் தம் இலக்காகக் கொண்டார்.

மண்தட்டு என்னும் தேர்வாளர்

நம்மில் தேசிய மாணவர் படையில் இருப்போர் .22 ரைபிளைக் கையாண்டிருப்பர். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, அசையாத இலக்கைச் சுடுவது அது. கர்ணி சிங் தேர்ந்தெடுத்த ‘டிராப்’ என்னும் பிரிவோ முற்றிலும் வேறு. இதில் வீரர் நின்றுகொண்டு சுட வேண்டும். அவருக்கு முன்னால் 15 மீட்டர் தொலைவில் ஒரு பள்ளம், அதற்குள் இயந்திரங்கள். வீரர் குரல் கொடுத்ததும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டு ஒன்று, மணிக்கு 100 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பாய்ந்து வெளிவரும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு விநாடிக்குள் முடிவெடுத்துச் சுட்டாக வேண்டும். முதற்குண்டு தவறினால் இரண்டாவது ஒன்றுண்டு, அதற்குப்பின் வாய்ப்பில்லை. முற்காலத்தில் இப்போட்டிக்கு உயிருள்ள புறாக்களே பயன்பட்டன. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியில் கூட அந்தக் கொடுமை நடந்தது. புறாவின் இடத்தைத் தட்டு பிடித்தது மனித நேயத்தின் வெற்றி.

குளிரும் குறியும்

பிகானேரின் பனிக்காலத்தை நாஞ்சில் நாட்டவராகிய நாம் எளிதில் கற்பனை செய்ய இயலாது. நமக்கு மார்கழி என்றால் புல்நுனியில் பனித்துளி, சுசீந்திரம் தேர், விடியற்காலைக் கோயில் மணி. மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் கடல் இருப்பதால் நம் இரவு அதிகம் குளிர்வதில்லை. பாலை நிலம் அப்படியன்று. வறண்ட காற்றும் மணலும் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் விரைவாக இழந்துவிடுகின்றன. கோடையில் 45 பாகை செல்சியசைத் தாண்டும் அவ்வூரில், ஜனவரி இரவு சில வேளைகளில் பூச்சியத்தைத் தொடும்.

இத்தகைய குளிரில் சுடுவது ஏன் கடினம்? இயற்பியல் மாணவன் என்ற முறையில் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அழுத்தம் மாறாதிருப்பின், காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 40 பாகையிலிருந்து 5 பாகைக்கு வெப்பம் இறங்கினால், 313 கெல்வின் 278 ஆகிறது; காற்று எட்டில் ஒரு பங்கு அடர்த்தி கூடுகிறது. ஈயச் சிறுகுண்டுகள் அந்த அடர்ந்த காற்றில் விரைவாக வேகம் இழக்கும். தோட்டாவின் வெடிமருந்தும் குளிரில் சற்று மெதுவாக எரியும்.

இவற்றினும் பெரிய இடையூறு மனித உடலே. குளிரில் விரல் நுனிகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. விசையை உணர வேண்டிய விரல் மரத்துப்போகிறது. தடித்த உடை அணிந்தாலோ, துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் வழக்கமான இடத்தில் பொருந்தாது. கன்னமும் கண்ணும் சிறிது விலகும். தோளில் அரை விரற்கடை விலகினால், 35 மீட்டர் தொலைவில் தட்டு தப்பிவிடும். ஆகவேதான் குளிர் நாடுகளின் வீரர்கள் மெல்லிய உடைகளை அடுக்காக அணிகின்றனர். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே கைகளைச் சூடேற்றிக் கொள்கின்றனர். தோட்டா இன்றி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கும் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான முறை செய்கின்றனர். கோடையும் குளிரும் ஒன்றாகும் வரை உடலைப் பழக்குவதே இக்கலையின் அடிப்படை. பருவம் பார்த்துப் பயில்பவனுக்கு இதில் இடமில்லை.

மகுடம் இறங்கிய பின்

கர்ணி சிங் டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரியிலும் பம்பாய் புனித சேவியர் கல்லூரியிலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பாட்டனாருடன் மத்திய கிழக்குப் போர்முனைக்கும் சென்று வந்தார். 1949-இல் பிகானேர் ராஜஸ்தானத்துடன் இணைந்தது. 1950-இல் தந்தை மறைந்தார். இருபத்தாறு வயதில் கர்ணி சிங் மகாராஜா ஆனார். ஆனால் ஆள்வதற்கு நாடு இல்லை.

அரண்மனையில் அமர்ந்து பழம்பெருமை பேசிக் காலம் கழித்திருக்கலாம். அவர் மக்களிடம் சென்றார். 1952-ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றார். 1977 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் மக்களவை உறுப்பினராக விளங்கினார். அதற்கிடையே தம் முன்னோர் மரபுக்கும் மத்திய ஆட்சிகளுக்கும் இருந்த உறவை ஆராய்ந்து, 1964-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. 1971-இல் மன்னர் மானியமும் பட்டங்களும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. மகாராஜா என்ற சொல் போயிற்று; டாக்டர் என்ற சொல் நிலைத்தது. முன்னது பிறப்பு தந்தது; பின்னது அவரே ஈட்டியது.

ரோம் முதல் மாஸ்கோ வரை

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில், தம் முப்பத்தாறாம் வயதில், டிராப் பிரிவில் எட்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, துப்பாக்கிச் சுடுதலுக்கான விருது அவருக்குக் கிடைத்தது. 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமநிலை பெற்று, இறுதியில் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார். தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று நழுவியது.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1964-இல் டோக்கியோ, 1968-இல் மெக்சிகோ, 1972-இல் மியூனிக் என ஒலிம்பிக் பயணம் தொடர்ந்தது. 1971-இல் சியோலில் நடந்த ஆசிய சுடுதல் போட்டியில் தங்கமும், 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெள்ளியும் பெற்றார். அவருடைய மகள் ராஜ்யஸ்ரீ குமாரியும் இக்கலையில் சிறந்து, 1968-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கர்ணி சிங் துப்பாக்கி ஏந்தி நின்றபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

1982-ஆம் ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு தொடங்கியது. வடநாட்டில் குளிர் இறங்கும் காலம் அது. ஐம்பத்தெட்டு வயதில், தம்மைவிட மிகவும் இளைய வீரர்களுடன் அணியாக நின்று, டிராப் குழுப் போட்டியில் வெள்ளி வென்றார். 1988-இல் அவர் மறைந்தார். துக்ளகாபாத்தில் அந்த ஆசிய விளையாட்டுக்காக அமைந்த சுடுகளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். ஒரு மகாராஜாவின் வாழ்க்கை எனக்கு எதற்கு என்ற கேள்வி இக்கட்டுரைக்காகப் படிக்கும்போது எனக்கே எழுந்தது. விலையுயர்ந்த துப்பாக்கியும், நாள்தோறும் சுடத் தோட்டாவும், கடல் கடந்து செல்லப் பொருளும் அவரிடம் இருந்தன. அவை இல்லாதவன் அந்நாளில் இவ்விளையாட்டின் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க முடியாது. இந்த உண்மையை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் செல்வம் களத்தின் வாசல் வரைதான் துணைக்கு வரும். உள்ளே சென்று குரல் கொடுத்த பிறகு பறந்து வரும் தட்டுக்கு, சுடுபவர் மன்னரா, மாட்டு வண்டிக்காரரின் மகனா என்பது தெரியாது. குறி சரியாக இருந்தால் உடையும். இல்லையேல் முழுதாகப் போய் விழும். எல்லாம் பிறப்பாலேயே பெற்ற ஒருவர், பிறப்பு செல்லுபடியாகாத ஓரிடத்தைத் தாமாகத் தேடிச் சென்று இருபதாண்டுகளுக்கு மேல் தேர்வு எழுதினார், பலமுறை தோற்றார், மீண்டும் எழுதினார். அவரிடம் நான் வணங்குவது இதைத்தான்.

அவர் தொடங்கிய பாதை இன்று அரண்மனைகளைக் கடந்து வந்துவிட்டது. 2004-இல் ஏதென்சில் இராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். 2006-இல் மானவ்ஜித் சிங் சந்து, கெய்ரோவில் நழுவிய அதே டிராப் உலகப் பட்டத்தை வென்றார். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் பெற்றார். 2012-இல் இராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி பெற்றார். 2024-இல் பாரிசில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர்; அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதே பாரிசில் டிராப் பிரிவில் நம் தமிழகத்துப் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமானும் சுட்டார். மன்னர் மரபில் வந்தவரும் டிக்கெட் பரிசோதகரும் ஒரே நாட்டின் சீருடையில், ஒரே ஒலிம்பிக்கில் நின்றனர்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருக்குப் பின்னால் பட்டம் பெற்ற பாட்டனார் இல்லை. அது குறையன்று. தேர்வுத்தாளும் அந்த மண்தட்டைப் போன்றதே. எழுதுபவன் வீட்டுக் கூரை ஓடா, ஓலையா என்று அது பார்ப்பதில்லை. வெயிலென்றும் குளிரென்றும் பாராமல் பயில்பவனுக்கே அது உடையும். மார்கழி விடியலில் போர்வையை விலக்கி எழுந்து, பாடநூலையோ பயிற்சிக் களத்தையோ நோக்கி நடப்போம்!