ரோமர் கண்ட இடைவெளி

எருமப்பட்டியருகே நிமிர்ந்து நிற்கும் கொல்லிமலைப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையன. நாற்கால் உயிர்களின் தொல்லெச்சத்தை அவற்றில் தேடிப் பயனில்லை. கிடைக்க வேண்டிய பாறைகளிலும் அவை கிடைக்காத விந்தையைச் சுட்டியவர் அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ரோமர்.

1894-இல் பிறந்த ரோமர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். மீனினத்தினின்று காலுடைய உயிர்கள் கிளைத்தபின், 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுக்கால எலும்புகள் மிக அரிது. இதற்கே ரோமர் இடைவெளி என்று பெயர். அக்காலக் காற்றில் உயிர்வளி குறைந்ததே காரணம் என்றனர் சிலர். போதிய தேடலின்மையே குறை எனல் பொருந்தும். 1971-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் அருகே கிடைத்த எலும்புக்கூடு ஒன்று, மீன் எனக் கருதப்பட்டுக் கிடந்தது. 1973-இல் ரோமர் மறைந்தார். அவ்விடைவெளிக் காலத்து நாற்கால் உயிரி அதுவென 2002-இல் ஜென்னி கிளாக் அம்மையார் நிறுவினார்.