ராமானுஜனின் மாலை நேரங்கள்

போடிநாயக்கனூரில் பொழுது புலரும் முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் விரையத் தொடங்கிவிடுகின்றன. அவர்கள் வீடு திரும்பும்போது மாலை மங்கிவிடும். அவர்களுடைய பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் நன்றாகவே படிக்கிறார்கள். பள்ளி விட்டபின் ஐயம் கேட்கத்தான் ஆளில்லை. இப்பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் கணித மேதை ராமானுஜனின் இளமைக்காலம் என் நினைவுக்கு வருகிறது.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். துணிக்கடைக் கணக்கரின் மகன். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு முழங்கையால் அழித்தார்.

அவரை மீட்டது சிலரின் அக்கறை. 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர், அவருடைய குறிப்பேட்டின் அருமையை உணர்ந்து சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர், மாலை வேளைகளில் தம் வீட்டில் ராமானுஜனுடன் சிலேட்டும் கையுமாக அமர்ந்தார். படிகளைத் தாவிச் செல்லாமல் பிறருக்குப் புரியும்படி விரித்தெழுதப் பழக்கினார். 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்வரலாற்றில் நான் காண்பது இது: 1904-இலும் உதவித்தொகை இருந்தது, பலவீனமான பாடத்தில் கைதூக்கிவிட ஆளில்லாததால் அது நிலைக்கவில்லை. பணத்தோடு வழிகாட்டியும் வாய்த்தபோதுதான் அறிவு பயன் தந்தது.

இன்றும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசியத் திறன் உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெறுவோருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. ஆனால், அத்தேர்வுக்கு ஏலமலை அடிவாரத்துப் பிள்ளையைத் தயார் செய்வது யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கினால் போதும். ஊர்ப் பள்ளியின் ஓர் அறையே வகுப்பாகிவிடும்.

1919-இல், நோயுற்றிருந்த ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அறிவிக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 250 பவுண்டில் 50 பவுண்டைப் பெற்றோருக்கு அளித்து, தம் தேவை போக எஞ்சுவதை ஏழை, ஆதரவற்ற மாணவர்களின் கட்டணத்துக்கும் பள்ளி நூல்களுக்கும் செலவிட வேண்டினார். அடுத்த ஆண்டு, ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார். அந்த வேண்டுகோள் நமக்கும் உரியதுதான்.