விடுதலைக்கு முன்பே வபாத்தான ஓர் ஆலிம்

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் என்றதும் பலருக்கும் ஆபிரகாம் லிங்கன்தான் நினைவுக்கு வருவார். எனக்கு உமர் இப்னு ஸயீத் நினைவுக்கு வருகிறார்.

இன்றைய செனகலிலுள்ள பூட்டா தோரோவில் 1770 அளவில் பிறந்தவர். 25 வருடங்கள் மார்க்கக் கல்வி கற்றவர். அவரது உஸ்தாதுமாரில் சொந்தச் சகோதரரும் ஒருவர். 1807இல் ஊருக்குள் புகுந்த படையொன்று பலரைக் கொன்று, அவரைப் பிடித்துச் சென்றது. தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடை செய்த அமெரிக்கச் சட்டம் 1808 ஜனவரி 1இல் அமுலுக்கு வந்தது. அதற்கு ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

கொடுமைக்கார எஜமானிடமிருந்து தப்பியோடியவர் வட கரோலினாவின் பாயட்வில் நகரில் சிறைபிடிக்கப்பட்டார். சிறைச் சுவரில் அவர் எழுதிய அரபு எழுத்துகளைப் பார்க்க ஊரே திரண்டது. அதன்பின் ஜேம்ஸ் ஓவன் என்பவர் அவரை வாங்கினார். இவரது சகோதரர் பின்னர் மாநில ஆளுநரானவர். ஓவன் குடும்பம் அவரை நன்றாக நடத்தியதாகவே எழுதப்பட்டிருக்கிறது. இருக்கலாம். ஆனால், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவரை விடுதலை செய்யவில்லையே!

1831இல் தனது வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் ஆரம்பம் ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் யாருக்கு என்று பேசும் ஸூரா அது. மனிதனை மனிதன் உடைமையாக்கிய வீட்டிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றது உண்மை. உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். எஜமானின் நிழலில் நடந்ததைச் சுயவிருப்பம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. முதுமையில் அவர் எழுதிய ஸூரத்துன் நஸ்ரைக் கிறிஸ்தவ ஜெபம் என்று நினைத்து யாரோ ஆங்கிலத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

1860இல் அமெரிக்காவில் சுமார் 40 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். தெற்கின் பருத்திச் செல்வம் அவர்களின் முதுகில் நின்றது. மேற்கின் புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்ற லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானதும், தென் கரோலினா முதலில் பிரிந்தது. பிரிந்தவை மொத்தம் 11 மாநிலங்கள். மாநில உரிமைக்கான யுத்தம் என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பிரிவினைப் பிரகடனத்தை வாசித்தால் போதும். அடிமைமுறைதான் காரணமென்று அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1861 ஏப்ரலில் முதல் குண்டுகள் வெடித்தது, உமர் விற்கப்பட்ட அதே சார்ள்ஸ்டன் துறைமுகத்தில்.

பிரிந்த மாநிலங்களின் அடிமைகள் சுதந்திரமானவர்கள் என 1863 ஜனவரி 1இல் லிங்கன் பிரகடனம் செய்தார். வடபடை எட்டாத இடத்தில் அது வெறும் காகிதம். உமர் 1864இல், 90 வயது கடந்த நிலையில், அடிமையாகவே வபாத்தானார். அடுத்த ஏப்ரலில் தெற்கு சரணடைந்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட படையினர் இறந்திருந்தனர். 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

அவரது கையெழுத்துப் பிரதி இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பாயட்வில் நகரில் அவர் பெயரில் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது.