சாப்பிடும் முன் கை கழுவ மறந்தவர்... சாக்கரினைக் கண்டுபிடித்த ஃபால்பெர்க்கின் கதை தெரியுமா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்குப் போறவங்க வீட்ல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம் இது: மருந்து தொட்ட கையோட தூக்குவாளியைத் திறக்கக் கூடாது. அலுமினியப் பவுடர் ஒட்டின கை வெள்ளி மாதிரி மின்னும். தேய்ச்சுக் கழுவினாதான் போகும்.

இதை மறந்துட்டு சாப்பிட உட்கார்ந்த ஒரு வேதியியலாளரால்தான், இன்னைக்கு சுகர் இருக்கிறவங்க காபியில போடுற இனிப்பு மாத்திரைக்கெல்லாம் பிள்ளையார் சுழி விழுந்தது. அவர் பெயர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க்.

யார் இவர்?

1850-ல் ரஷ்யாவின் தம்போவ் நகரில் பிறந்தவர். ஜெர்மனியின் லைப்சிக்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். இதில் வேடிக்கை என்னன்னா, அவருடைய தொழிலே சர்க்கரை ஆராய்ச்சிதான். இறக்குமதியான சர்க்கரை ஒன்றின் தூய்மையைச் சோதிக்க, அமெரிக்காவின் பால்டிமோர் நகர நிறுவனம் ஒன்று 1877-ல் அவரை வேலைக்கு எடுத்தது. சோதனை நடந்த இடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடம். வேலை முடிந்த பிறகும் அங்கேயே தங்கி, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருட்களை ஆராய ஆரம்பித்தார்.

இனித்த ரொட்டி

ஒரு நாள் இரவு, கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. வாய் துடைத்த துணி இனித்தது. கடைசியில் தன் கட்டைவிரலை நக்கிப் பார்த்தார், அதுவும் இனித்தது! ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய் மேசையில் இருந்த குடுவைகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுவைத்தார் (தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க). அதில் ஒன்றில் இருந்ததுதான் சாக்கரின். சர்க்கரையைவிட சுமார் 300 மடங்கு இனிப்பு.

1879-ல் ரெம்சனும் ஃபால்பெர்க்கும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் பின்னாடி காப்புரிமை வாங்கும்போது பேராசிரியர் பெயர் காணாமல் போனது. பணம் எனக்கு வேண்டாம், பெயர் எங்கே என்பதுதான் ரெம்சனின் கோபம். அது கடைசி வரை ஆறவில்லை.

இது உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்வியை ஃபால்பெர்க் தன் மேலேயே சோதித்தார். 10 கிராம் சாக்கரினைச் சாப்பிட்டுவிட்டு 24 மணி நேரம் காத்திருந்தார். ஒண்ணும் ஆகல. கிட்டத்தட்ட முழுசும் சிறுநீரில் அப்படியே வெளியேறியது. அவரைப் பொறுத்தவரை பிரச்னை தீர்ந்தது. ஜெர்மனியின் மாக்டபர்க் அருகே ஆலை வைத்துப் பணக்காரரும் ஆனார்.

தொடங்கிய சண்டை

விலை குறைந்த இனிப்பு என்றால் சர்க்கரை ஆலைகள் சும்மா இருக்குமா? அவர்களின் நெருக்கடியில் 1902-ல் ஜெர்மனி, சாக்கரினை மருந்துக்கடையோடு நிறுத்தியது. 1908-ல் அமெரிக்காவில் உணவுத்துறை அதிகாரி ஹார்வி வைலி, இது தாரில் இருந்து வந்த கெடுதலான பொருள் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமே வாதாடினார். டாக்டர் சொல்லி தினமும் சாக்கரின் எடுத்துக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. விசாரிக்கக் குழு போட்டார். குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ரெம்சன்! சிறிய அளவில் கெடுதல் இல்லை என்று அந்தக் குழு சொன்னபோது ஃபால்பெர்க் உயிரோடு இல்லை. 1910-ல், 59 வயதில், ஜெர்மனியில் இறந்துவிட்டார்.

அதோடு முடியல. சாக்கரின் அதிகம் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததாக 1977-ல் கனடா ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் பாக்கெட்டுகளில் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். எலியின் சிறுநீரில் இருக்கும் தன்மையால் வந்த பாதிப்பு அது, மனிதர்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்து, 2000-ல்தான் அந்த எச்சரிக்கை நீங்கியது.

நமக்கு என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பக்கத்திலேயே இருக்க, சுகர் வந்தவங்க படும் பாடு விருதுநகர்க்காரங்களுக்குத் தெரியும். இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அதே 2023-ல், எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். ஆனா ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. செய்தியைப் பகிரும்போது பலரும் விட்டுவிடும் வரி இது.

இன்னொன்று, அளவு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு கணக்குப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 5 மில்லிகிராம் சாக்கரின் வரை போகலாம். 15 கிலோ குழந்தைக்கு 75 மில்லிகிராம், அதாவது நாலஞ்சு டீஸ்பூன் சர்க்கரையின் இனிப்பு. மாத்திரையில் அளவு இருக்கும். திருவிழாவில் விக்கிற குச்சி ஐஸில் சாக்கரின் போட்டிருந்தா, யார் அளந்தாங்க? ரெண்டு ஐஸிலேயே எல்லையைத் தாண்டலாம். செயற்கை இனிப்பு சேர்த்த பாக்கெட்டில் அது குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சிடணும்னு நம்ம நாட்டு விதி சொல்லுது. தள்ளுவண்டி ஐஸுக்கு லேபிளே கிடையாது.

2024 நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் வரம்பை 5-லிருந்து 9 மில்லிகிராமாக உயர்த்தியது. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 540 மில்லிகிராம். ஃபால்பெர்க் அன்னைக்கு ஒரே நாளில் விழுங்கியது அதைப் போல 18 மடங்கு.