ஈட்டுப் பெருக்கர் மணவாள மாமுனிகள்

பெருமாள் கோயில்களில் உத்ஸவம் தடைப்படுவது பேரிடர்க் காலங்களிலேயே நேர்வது. ஆயினும் திருவரங்கம் பெரிய கோயிலில் ஒருமுறை, எவ்வித இடரும் இல்லாத நாளில், நம்பெருமாள் தம்முடைய உத்ஸவங்களைத் தாமே நிறுத்திவைத்து, ஏறக்குறையப் பத்து மாத காலம் ஒரு நூலின் உரையைக் கேட்டருளினார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. அந்த நூல் நம்மாழ்வாரின் திருவாய்மொழி. உரை, ஈடு முப்பத்தாறாயிரப்படி. உரைத்தவர், ஸ்ரீ மணவாள மாமுனிகள். திருவிழாவை ஸேவிக்க வந்துள்ள அடியார்கள், பெருமாளே திருவிழாவினும் மேலாக மதித்த அந்நிகழ்ச்சியையும், அதற்குக் காரணமான மஹானின் சரித்திரத்தையும் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

முதலில் ஈட்டின் வரலாற்றைக் காண்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த நம்பிள்ளை, நாள்தோறும் திருவாய்மொழிக்குப் பொருள் ஸாதித்து வந்தார். அவருடைய சிஷ்யரான வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலில் கேட்டவற்றையெல்லாம் இரவில் ஓலையில் எழுதிவைத்தார். ஒருநாள் அவருடைய திருமாளிகைக்கு எழுந்தருளிய நம்பிள்ளை அந்த ஓலைகளைக் கண்டார். தாம் சொன்னது ஒன்றும் விடுபடாமல் எழுதப்பட்டிருந்தது கண்டு உகந்தார். எனினும் தம் நியமனமின்றி எழுதப்பட்டது கண்டு உள்ளம் வருந்தினார். ஆழ்ந்த பொருள்கள் ஆசார்யன் திருமுகத்திலிருந்து சிஷ்யனின் செவிக்குச் செல்லவேண்டியவை; தகுதியறியாமல் பரவினால் பொருள் சிதையும் என்பது அக்காலத்துப் பெரியோர்களின் கவலை. ஆகவே அவ்வோலைகளை வாங்கித் தம் சிஷ்யரான ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைத்தார். அவர் தம் குமாரர் ஈயுண்ணி பத்மநாபருக்கும், அவர் நாலூர்ப் பிள்ளைக்கும், அவர் தம் குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கும் அதனைச் சொல்லி வைத்தனர். இவ்வாறு முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட கிரந்தம் முப்பத்தாறாயிரம் என்னும் அளவுடைய பெருநூல், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் மட்டுமே தங்கியிருந்தது.

இதனிடையே காலம் கொடியதாயிற்று. 1323ஆம் ஆண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானது. பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, வழியில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். பெருமாள் பல ஊர்களில் தங்கி 1371ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தம் ஸந்நிதிக்கு எழுந்தருளினார். இடைப்பட்ட காலத்தில் ஆசார்யர்கள் சிதறினர். ஓலைச்சுவடிகள் பல அழிந்தன. ஒருவரை நம்பி ஒரு நூல் வாழுமானால், அவர் ஓர் இரவில் மறைந்தால் அந்நூலும் மறையும் என்பதை உலகம் கண்கூடாகக் கண்ட காலம் அது. காவலுக்காக இட்ட வேலியே பயிருக்கு ஆபத்தாகக்கூடிய நிலை.

நம்பெருமாள் திரும்புவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1370ஆம் ஆண்டு ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தில், ஆழ்வார்திருநகரியில் மாமுனிகள் அவதரித்தார். அழகிய மணவாளன் என்பது இயற்பெயர். திருநாவீறுடைய பிரான் தாதரண்ணர் திருத்தகப்பனார். இவருக்கு ஆசார்யராக வாய்த்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. காடாகிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கு எழுந்தருளச் செய்தவர் அவரே. ஈட்டினை எப்படியும் கற்கவேண்டும் என்னும் விருப்பத்தால் அவர் காஞ்சிபுரம் வரை நடந்து சென்றார். நாலூர்ப் பிள்ளை தம் முதுமையைச் சொல்லித் தம் குமாரரைக் காட்ட, நாலூராச்சான் பிள்ளையிடம் அதனைக் கேட்டு வந்தார். அந்தச் செல்வத்தைத் தம் சிஷ்யரிடம் சேர்த்து, ஆழ்வார்களின் அருளிச்செயல்களை வளர்ப்பதே கடமையென்று அவரை நியமித்துத் திருநாடு அலங்கரித்தார்.

ஆசார்யன் நியமனத்தைத் தலைமேற்கொண்டு மாமுனிகள் திருவரங்கம் சென்றார். அங்கேயே ஸந்யாஸாச்ரமமும் ஏற்றார். அவர் கண்ட முதல் காட்சி, செல்லரித்தும் சிதைந்தும் கிடந்த சுவடிகள். பூர்வாசார்யர்களின் நூல்களைத் தேடித் திரட்டி, பந்தங்களின் ஒளியில் இரவு வெகுநேரம் விழித்திருந்து தம் திருக்கையாலேயே புதிய ஏடுகளில் எழுதினார். பிற்காலத்தில் பிறக்கப்போகிறவர்கள் கற்கவேண்டும் என்பதன்றி இவ்வுழைப்புக்கு வேறு பயன் அவர் கருதியதில்லை.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. மாமுனிகள் நினைத்திருந்தால் முழுவதற்கும் தாமே புதிய உரை எழுதியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அழிந்த பகுதிக்கு மட்டும் உரையெழுதி, பழைய உரை கிடைக்கும் இடம் வந்ததும் எழுத்தாணியை வைத்துவிட்டார். முன்னோர் சொல்லுக்கு அவர் காட்டிய மரியாதை அத்தகையது. பிள்ளை லோகாசாரியரின் தத்வத்ரயம், முமுக்ஷுப்படி, ஸ்ரீவசனபூஷணம் ஆகிய நூல்களுக்கும், அவருடைய தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயத்துக்கும் அவர் விரிவான உரைகள் அருளினார்.

பெருநூல்களைக் கற்க இயலாதவர்களையும் அவர் மறக்கவில்லை. திருவாய்மொழியின் நூறு பதிகங்களுக்கும் பதிகத்துக்கு ஒரு வெண்பாவாக நூற்றந்தாதி பாடினார். ஆழ்வார்கள் பிறந்த நாள், பிறந்த ஊர், வ்யாக்யானங்களின் வரலாறு ஆகியவற்றை உபதேச ரத்தின மாலையில் எளிய தமிழ் வெண்பாக்களாகத் தொகுத்தார். சிறு பிள்ளைகளும் மனப்பாடம் செய்யக்கூடிய நூல்கள் இவை.

இத்தகைய மாமுனிகளிடம்தான் ஈடு வந்து சேர்ந்திருந்தது. 1432ஆம் ஆண்டு பரிதாபி வருஷம் ஆவணி மாதத்தில், நம்பெருமாள் நியமனப்படி பெரிய திருமண்டபத்தில் அதன் காலக்ஷேபம் தொடங்கியது. நாச்சிமாரோடும் ஆழ்வார் ஆசார்யர்களோடும் பெருமாள் எழுந்தருளியிருக்க, திரளான அடியார்கள் சூழ்ந்திருக்க, ஆறாயிரப்படி முதலான மற்ற நான்கு உரைகளையும் இணைத்து மாமுனிகள் ஈட்டினை விரித்துரைத்தார். ஆண்டுக்கணக்கில் ஒருவர் செவியிலிருந்து மற்றொருவர் செவிக்கு மட்டுமே சென்ற பொருள், அன்று ஊர் கேட்கப் பொழிந்தது. நம்பிள்ளையின் கவலையை அவர் புறக்கணித்தாரல்லர். தகுதியில்லாதவர்க்குச் சொல்லலாகாது என்பது பழைய நியமமாயின், சொல்லிச் சொல்லியே கேட்பவரைத் தகுதியுடையவராக்குவது அவர் கண்ட வழி.

1433ஆம் ஆண்டு ப்ரமாதீச வருஷம் ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை. அன்று அர்ச்சகரின் சிறு பிள்ளையின் வடிவில் பெருமாளே வந்து, மாமுனிகளைத் துதிக்கும் தனியன் ஒன்றை ஸமர்ப்பித்து மறைந்தார் என்பது ஸம்ப்ரதாயம். கேட்பவன் சொல்பவனை வணங்குவது சிஷ்ய லக்ஷணம். அவ்வகையில் எம்பெருமான் தாமே மாமுனிகளுக்குச் சிஷ்யரானார். ஈட்டுப் பெருக்கர் என்னும் திருநாமமும் மாமுனிகளுக்கு வழங்கலாயிற்று.

வானமாமலை ஜீயர், கோயில் அண்ணன், ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன் முதலான எட்டு சிஷ்யர்கள் அஷ்டதிக்கஜங்களாக நின்று அவர் உபதேசத்தை நாடெங்கும் பரப்பினர். எழுபத்து மூன்று ஆண்டுகள் எழுந்தருளியிருந்த மாமுனிகள், ருத்ரோத்காரி வருஷம் மாசி மாதம் க்ருஷ்ணபக்ஷ த்வாதசியில் திருநாடு அலங்கரித்தார்.

பிற்காலத்தில் ஈடு அச்சேறியது. மணிப்ரவாள நடை பழகாதவர்களும் கற்கும்படி, பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இன்று விரும்பும் மாணவர் எவரும் அதனைக் கையில் எடுத்துப் படிக்கலாம். ஒருகாலத்தில் சுவடிக்காகக் காஞ்சிபுரம் வரை நடந்தவர்களை எண்ணிப் பார்த்தால், அலமாரியில் திறக்கப்படாமல் இருக்கும் புத்தகம் நமக்கு வெட்கத்தைத் தரவேண்டும்.

தென்கலை ஸந்நிதிகளில் கோஷ்டியார் அருளிச்செயலைத் தொடங்கும்போது முதலில் ஒலிப்பது அன்று பெருமாள் ஸமர்ப்பித்த தனியனே. பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது முன்னே செல்லும் கோஷ்டியில் அதனைச் செவிமடுக்கும் அடியார்கள், கைகூப்புவதோடு நில்லாமல், திரும்பிச் சென்றபின் திருவாய்மொழியில் ஒரு பதிகத்தையாவது பொருளுடன் கற்று, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லிவைப்பார்களாக. இருளில் பந்தம் ஏற்றி எழுதிய திருக்கைகளுக்கு நாம் செய்யக்கூடிய கைங்கர்யம் அதுவே.

ஜீயர் திருவடிகளே சரணம்.